பழைய கண்டக்டரைக் கேளுங்கள்

இருபத்தெட்டு வருடம் சென்னையில் டவுன் பஸ் கண்டக்டர். இப்போது எங்கள் நகர் நலச்சங்கச் செயலாளர். அதனால் பஸ் பற்றியும் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டு டிரில்லிங் பற்றியும் கேட்கிறார்கள்.

அண்ணா, 29சி-க்கு அரைமணி நேரம் நிற்கிறேன். அப்புறம் மூன்று வண்டி வரிசையாக வருகிறது. சேர்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புவீர்களா?

இந்தத் திட்டு எனக்குப் பழக்கம். கிளம்பும்போது இடைவெளி விட்டுத்தான் கிளம்புவோம். முதல் வண்டி ஏதாவது ஒரு சிக்னலில் நாலு நிமிடம் சிக்கும். அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அத்தனை பேரும் ஏறி, ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, நான் சில்லறை தேடி விசில் கொடுப்பதற்குள் இன்னும் இரண்டு நிமிடம் போகும். அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற ஆளே இருக்காது. சர்ரென்று வந்து எங்கள் வாலைப் பிடித்துவிடும். படிக்கட்டில் தொங்கும் பையன்களிடம் கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தால், பின்வண்டிக் கண்டக்டர் சீட்டில் சாய்ந்து நிதானமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். வயிறு எரியும்.

முதல் வண்டி பிதுங்கி வந்தால் விட்டுவிடுங்கள். நெரிசல் நேரத்தில் பின்னாலேயே காலி வண்டி வர வாய்ப்பு அதிகம். ராத்திரி ஒன்பதரைக்கு இதைச் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பெண்களுக்கு எல்லா பஸ்ஸிலும் இலவசமா?

இல்லையம்மா. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். பல வண்டிகளுக்கு முகப்பில் பிங்க் பெயின்ட் இருக்கும். டீலக்ஸ், ஏசி என்றால் காசு. இலவசம் என்றாலும் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருங்கள், செக்கிங் ஏறுவார்கள்.

ஆட்டோவுக்கு மீட்டர் ரேட் என்ன சார்?

2013-ல் அரசு வைத்தது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஆறு கிலோமீட்டருக்கு 75 ரூபாய் சொச்சம். சொல்லிப் பாருங்கள், டிரைவர் சிரிப்பார். அதற்கப்புறம் பெட்ரோல் ஏறியதைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியவில்லை. நான் ஷேர் ஆட்டோ ஆள்.

எதிரே அபார்ட்மென்ட் கட்டுகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் வேலை. கேட்க வழி உண்டா?

உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலே அதைத் தொட்டுவிடும். சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களை அந்த நேரத்தில் இயக்கவே கூடாது.

எங்கள் தெருவில் மேஸ்திரியிடம் முதலில் பேசினேன். பகலில் லாரியை உள்ளே விடமாட்டார்கள் சார், அதனால்தான் ராத்திரி ரெடிமிக்ஸ் என்றார். சரி, கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது, டைல்ஸ் வெட்ட என்ன அவசரம் என்று கேட்டேன். சட்டம் இரண்டையும் விடவில்லைதான். இருந்தாலும் கான்கிரீட் நாளை முன்கூட்டியே சொல்வது, வெட்டுகிற வேலை எட்டு மணியோடு நிறுத்துவது என்று முடிந்தது. பேசிச் சரிவராவிட்டால் 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஆடி மாதம். அம்மன் கோவில் ஸ்பீக்கர் காலை நாலரைக்கே ஆரம்பிக்கிறது.

ஆறு மணிக்கு முன்னால் வெளியே ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்காக வருடத்தில் 15 நாள் வரை அரசு தளர்த்தலாம், ஆனால் அது ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான், விடியற்காலைக்குக் கிடையாது.

எங்கள் தெருவில் கூழ் வாங்கப் போனபோதே விழாக்குழுவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் குழாய் ஸ்பீக்கர் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பின்தெருக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.