பையூ என்றால் ஆறா, சதுப்பு நிலமா?

அமெரிக்கக் கதைகளில் அடிக்கடி வரும் ‘பையூ’ என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும் நீரோடை. சாக்டா பழங்குடியினர் சிற்றோடையை ‘பயுக்’ என்றார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது.

குழப்பம் அப்புறம்தான். ஒரே சொல்லைப் பலவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். லூசியானாவின் பையூ லஃபூர்ஷ் மிசிசிப்பி ஆற்றிலிருந்து பிரிந்த கிளையாறு. 1904-ல் அது பிரியும் இடத்தில் அணை போட்டு ஆற்றுத் தொடர்பையே துண்டித்தார்கள். பையூ டெஷ் இன்னும் சுவாரசியம்: மிசிசிப்பி ஒரு காலத்தில் ஓடிக் கைவிட்ட பழைய தடத்தில் ஓடுகிறது. கடலோரத்தில் அலை ஏறி இறங்கும் உப்புநீர்க் கால்வாய்க்கும் இதே பெயர்தான்.

ஹூஸ்டன் நகரமே 1836-ல் பஃபலோ பையூ கரையில் பிறந்தது, ‘பையூ நகரம்’ என்பது அதன் செல்லப்பெயர். 2017 ஹார்வி புயலில் அந்த ஓடை கரை புரண்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

சரி, சதுப்பு நிலமா? இல்லை. சதுப்புக்குள் ஓடும் தண்ணீர்தான் பையூ. ஆனால் பேச்சுவழக்கில் ‘பையூவில் வாழ்கிறோம்’ என்றால் அந்த வட்டாரம் முழுவதையும் சொல்கிறார்கள்.