சிறப்பு நிதி முடிகிறது, என் மூன்று மாத புல்வெட்டு பில் என்ன ஆகும்?

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அரசு இலாகா ஒன்றுக்குப் புல் வெட்டுகிறீர்கள், அந்த இலாகாவின் அறக்கணக்கை (குறிப்பிட்ட வேலைக்கென்று தனியாக வைத்த சிறப்பு நிதியை) டிசம்பரோடு மூடுகிறார்கள், மூன்று மாத பில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள்.

கணக்கு மூடினாலும் இலாகாவின் கடன் மூடாது. அறக்கணக்குகள் 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின்படி நடப்பவை. இனி உங்கள் வேலைக்கான பணம் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். சிக்கல் இந்த மாறும் இடத்தில்தான்.

முதலில் உங்கள் எல்.ஓ.வை, அதாவது இலாகா எழுத்தில் கொடுத்த வேலை உத்தரவை, எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கும் இருக்கிறதா? வாய்ச்சொல்லில் வெட்டிய மாதம் இருந்தால் அதுதான் மாட்டும். நான் 22 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். முத்திரை விழாமல், ஒரு மூலை மடங்கி, மேசை டிராயரில் கிடந்த பில்லுக்காக ஒரு குத்தகைக்காரர் ஏழு மாதம் நடையாய் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு வலிக்கிறது. அதனால் பில்லை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முழுமையான பில் கைக்கு வந்த 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது கருவூல விதி.

டிசம்பர் தாண்டிவிட்டால் ஏ.பி. 58(ஏ) என்ற கருவூல விதியின்கீழ் அனுமதி கேட்கும்படி இலாகாவிடம் சொல்லுங்கள், போன வருட பில்லை இந்த வருட ஒதுக்கீட்டில் கட்டும் வழி அது. அப்புறம், ஜனவரியில் புது எல்.ஓ. கைக்கு வரும்வரை மெஷினை எடுக்காதீர்கள்.