ஒசாகாவில் ஒரே ஒரு நாள்தான் என்றால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேட்டவர் ஊரின் வடக்கே உமேதா பக்கம் தங்குகிறார். ஒசாகா கோட்டையும், தோத்தோன்போரி என்ற கால்வாயோரக் கடைத்தெருவும் கட்டாயம் வேண்டும், மற்றவை நேரம் இருந்தால் என்கிறார். வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டால் நேரம் இருக்கும். காலையில் ஊதா மெட்ரோவில் தெற்கே போங்கள், இரவு சிவப்பு மெட்ரோவில் வடக்கே திரும்புங்கள். ஊதா தானிமாச்சி தடம், சிவப்பு மிதோசுஜி தடம். குறுக்கும் நெடுக்குமாக அலைவதில்தான் ஒசாகாவில் பலருடைய பாதி நாள் போய்விடுகிறது.

முதல் குழப்பம் நிலையத்தின் பெயரிலேயே வரும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் 'ஒசாகா', சிவப்பில் 'உமேதா', ஊதாவில் 'ஹிகாஷி-உமேதா', ஹான்க்யூ, ஹான்ஷின் ரயில்களில் 'ஒசாகா-உமேதா' என்று போட்டிருக்கும். எல்லாம் அடுத்தடுத்து இருப்பவை, நிலத்தடியிலேயே நடந்து போய்விடலாம். ஷின்கன்சென் என்ற அதிவேக ரயில் நிற்கும் ஷின்-ஒசாகா மட்டும் வேறு இடம். அங்கிருந்து சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் உமேதா.

காலையில் ஹிகாஷி-உமேதாவில் ஊதா ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் தானிமாச்சி 4-சோமே. 1-பி வாசல் வழியாக வெளியே வந்து ஓத்தேமோன் வாசலை நோக்கி நடங்கள். கோட்டையின் நடுக் கோபுரம் 9 மணிக்குத் திறக்கும். அதற்கு அரை மணி முன்பே வளாகத்துக்குள் இருப்பது நல்லது, ஏனென்றால் கோட்டையில் உண்மையாகவே பழையது கோபுரம் அல்ல, மதில்தான். கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிப்ட் உண்டு, எட்டு மாடி அருங்காட்சியகம், உச்சியில் ஊர்க்காட்சி. மரப்படிகளையும் பழைய அறைகளையும் எதிர்பார்த்து ஏறுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி டொயோட்டோமி ஹிதெயோஷி 1583-ல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 போரில் அழிந்தது. போரில் வென்ற டோகுகாவா குடும்பத்தின் ஆட்சி அந்த இடத்தை மண்ணிட்டு மூடி, 1620 முதல் புதிதாக எழுப்பிய மதிலைத்தான் இன்று பார்க்கிறோம்.

சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் நேர் எதிரே நிற்கும் கல்லைப் பாருங்கள். பெயர் தாக்கோ-இஷி, ஆக்டோபஸ் கல். முகப்பு மட்டும் ஏறக்குறைய 60 சதுர மீட்டர், எடை சுமார் 108 டன் என்று கணித்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் ஆக்டோபஸ் தலை போல ஒரு பழுப்புக் கறை இருக்கும், பெயர் அதனால் வந்தது. அகலத்தைப் பார்த்தால் ஒரு மலைத்துண்டு போலத் தெரிந்தாலும் கனம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கல்லைப் பலகையாக எடுத்து வாசலுக்கு எதிரே நிறுத்தியது, உள்ளே வருபவரை மிரட்டத்தான். மதில் வேலை பல பிரபுக்களுக்குப் பங்கிடப்பட்டதால், யார் கல் எது என்று தெரிய ஆளுக்கொரு குறி செதுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் அந்தக் குறிகள் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் கண்ணுக்கே படாது. காலையிலேயே போகச் சொல்வது இதற்காகவும்தான்.

கோபுரத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 1200 யென். மதிலும் அகழியும் இலவசம். நேரமோ பணமோ குறைவு என்றால் கோபுரத்தை விட்டுவிடுங்கள், மதிலை விடாதீர்கள்.

மறுபடி ஊதா, தெற்கே மூன்றாவது நிறுத்தம்: ஷிதென்னோஜி-மாயே யூஹிகாவோகா. இளவரசர் ஷோதொக்கு 593-ல் நிறுவியதாகச் சொல்லப்படும் ஷிதென்னோஜி கோயில். கட்டடங்கள் புதியவை, அமைப்பு பழையது: வாசல், ஐந்தடுக்குக் கோபுரம், பொன் மண்டபம், உபதேச மண்டபம் எல்லாம் தெற்கு வடக்காக ஒரே நேர்கோட்டில். உள்வளாகம் மாலை 4.30-க்கு மூடிவிடும், அக்டோபர் முதல் மார்ச் வரை 4 மணிக்கே. மாதாமாதம் 21, 22 தேதிகளில் வெளி முற்றத்தில் பழம்பொருள் சந்தை கூடும். உங்கள் நாள் அதில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

அங்கிருந்து தெற்கே கால்மணி நடந்தால் தென்னோஜி. 300 மீட்டர் உயர அபேனோ ஹருகாஸ் இங்கேதான். உச்சித் தளத்துக்கு டிக்கெட் வேண்டும், 16-ஆம் மாடித் தோட்டத்துக்கு வேண்டாம். மேகமூட்டமான நாளில் அந்தத் தோட்டமே போதும். பிறகு பூங்கா வழியாக ஷின்செகாய் என்ற பழைய கேளிக்கைப் பகுதிக்கு நடங்கள். இருட்டும் நேரத்தில் அங்குள்ள சூதென்காகு கோபுரத்தின் உச்சி விளக்கைப் பாருங்கள். அது மறுநாள் வானிலையைச் சொல்லும்: வெள்ளை என்றால் வெயில், ஆரஞ்சு என்றால் மேகம், நீலம் என்றால் மழை.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தாக்கோயாக்கி (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவுருண்டை), ஒகோனோமியாக்கி (முட்டைக்கோஸ் சேர்த்த தோசை போன்றது) இரண்டின் மாவிலும் பெரும்பாலும் 'தாஷி' என்ற சாறு சேரும். அதன் அடிப்படை கட்சுவோபுஷி, ஏறக்குறைய நம் மாசிக் கருவாடுதான். மேலே தூவுவதும் அதையே சீவி. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் மீனைச் சேர்த்தே தருவார், மீனும் தாஷியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். குச்சியில் குத்திப் பொரிக்கும் குஷிகாட்சுவில் காய்கறி வகைகள் கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிபவை. பொதுச் சாஸ் பாத்திரம் வைத்திருக்கும் கடையில் ஒருமுறை முக்கிக் கடித்ததை மறுபடி முக்கக் கூடாது.

ஷின்செகாய் பக்கத்துத் தோபுத்சுவென்-மாயே நிலையத்தில் சிவப்பு ரயில், இரண்டாவது நிறுத்தம் நம்பா, தோத்தோன்போரிக்கு இறங்குமிடம். தோத்தோன்போரியை இரவுக்கு வைத்ததற்குக் காரணம் கிளிகோ என்ற மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரர் விளக்குப் பலகை. 1935-ல் முதல் பலகை, இப்போதிருப்பது 2014-ல் வந்த ஆறாவது. எபிசு பாலத்தின் மேல் நெரிசல் தாங்காது, படியிறங்கிக் கால்வாயோர நடைபாதைக்குப் போனால் தண்ணீரில் விழும் நிழலும் சேர்த்துப் படத்தில் கிடைக்கும். தெருவில் குப்பைத்தொட்டி அரிது, வாங்கிய கடை வாசலிலேயே சாப்பிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த வழியில் மொத்தம் நான்கு மெட்ரோ பயணம். ஒருநாள் அட்டை வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் 620. ஒரு பயணத்துக்குக் குறைந்தது 190 என்பதால் விடுமுறை நாளில் அட்டை நிச்சயம் லாபம், வார நாளில் ஏறக்குறைய சமம். ஜேஆர் ரயிலில் அது செல்லாது. எஸ்கலேட்டரில் நிற்பவர்கள் இங்கே வலப்பக்கம் ஒதுங்குவார்கள், டோக்கியோவில் இடப்பக்கம்.

மறுநாள் ஜேஆர் விரைவு ரயிலில் கன்சாய் விமான நிலையம் போவதாக இருந்தால் பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்கள். ரயில் ஹினேனோவில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை விமான நிலையம், 5 முதல் 8 வரை வகாயாமா. தவறான பெட்டியில் இருப்பது தெரிந்தால் ஹினேனோவுக்கு முன்பே ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நடைமேடை வழியாக மாறிக்கொள்ளுங்கள்.