காலையில் குதிகால் குத்தல், எக்ஸ்ரேயில் எலும்பு முள்: உங்கள் கேள்விக்கு

படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் குத்துகிறது, பத்தடி நடந்ததும் குறைகிறது, எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது, ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முள்ளை நினைத்துப் பயப்படாதீங்க. வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். உங்களுக்குப் பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார்ப் பட்டையில்தான் பிரச்சினை. இரவெல்லாம் பாதம் தளர்ந்து கிடப்பதால் அது இறுகிவிடுகிறது. முதல் அடி அதைச் சட்டென்று இழுக்கிறது.

அதனால் தரையில் கால் வைக்கும் முன்பே, வலிக்கும் காலை மறுதொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முன்கால் எலும்புப் பக்கமாக இழுங்கள். உள்ளங்காலில் பட்டை விறைப்பதை மறுகையால் தொட்டு உணரலாம். 10 நொடி, 10 தடவை, தினமும் 3 வேளை.

வலி சற்று அடங்கியதும், படி விளிம்பில் நின்று விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். 3 நொடியில் குதிகாலை உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குங்கள். 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மாதக்கணக்கில் தொடர வேண்டும். பலர் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டு டைல்ஸ் தரையிலும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீங்க: சில வாரம் நிம்மதி கிடைக்கும், ஆனால் பட்டை கிழியவும் குதிகால் கொழுப்பு மெலியவும் வாய்ப்புண்டு.

குதிகாலை இருபுறமும் அழுத்தினால் கடுமையாக வலித்தாலோ, ஓய்விலும் வலித்தாலோ, பாதம் மரத்தாலோ தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.