கெப்பை எவ்வளவு உயர்த்தலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2010 ஹைலக்ஸ் விகோ டபுள் கெப், ஃபோர் வீல். குச்சவெளிக் கரையில் மணலுக்குள் இறக்கிப் படகு இழுக்கிறேன். அடிப்பக்கம் தட்டுகிறது. முன்னுக்கு ஸ்பேசரும் (ஸ்ட்ரட்டின் மேல் வைக்கும் தடித்த வளையம்) பின்னுக்குக் கட்டையும் வைத்து 4 அங்குலம் உயர்த்தித் தரலாம் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?
– குச்சவெளி வாசகர்

பதில்: 4 அங்குலம் வேண்டாம். உங்கள் வாகனத்தின் முன்பக்க அமைப்புக்கு 2 அங்குலம்தான் அளவு.

முதலில் எது தட்டுகிறது என்று பாருங்கள். படிப்பலகை, சேஸி, பம்பர் என்றால் உயர்த்துவதில் பலன் உண்டு. பின் டிஃபரன்ஷல் (பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பல்சக்கரப் பெட்டி) மணலில் உழுகிறது என்றால் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு நூலும் மேலே வராது. அச்சு சில்லோடுதான் இருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 265/70 ஆர் 16 டயரின் விட்டம் ஏறக்குறைய 777 மி.மீ., 265/75 ஆர் 16 டயருக்கு 804 மி.மீ. அதனால் டிஃபரன்ஷலுக்குக் கிடைப்பது பாதிதான், 13 மி.மீ. கரையில் மட்டும் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பாருங்கள். காசு செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் மறக்காமல் அடித்துக்கொள்ள வேண்டும்.

உயர்த்தத்தான் வேண்டும் என்றால், வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லிலும் நடு மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றுக்கு ஏற்பக் கணக்கு மாறும். வழக்கமாக ஏற்றும் ஐஸ் பெட்டியும் வலையும் பின்னுக்கு இருக்கும்போது இன்னொரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். அது கீழ் ஆமின் (சில்லைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க் கை) ஏறக்குறைய நடுவில் பிடிப்பதால், மேலே வைக்கும் 25 மி.மீ. ஸ்பேசர் சில்லில் 50 மி.மீ. அளவுக்கு உயர்த்தும். இந்தக் கணக்குத் தெரியாமல் 50 மி.மீ. ஸ்பேசர் வைக்கிறார்கள். பிறகு சில்லு கீழே தொங்கும்போது அப்பர் ஆம் ஸ்பிரிங்கில் உரசும், முன் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜொயின்ட் அளவுக்கு மிஞ்சி மடங்கி ரப்பர் பூட் கிழியும். கிழிந்த பூட்டுக்குள் கடல்மணல் போனால் ஜொயின்ட் கனநாள் தாங்காது. ஸ்பேசரைவிட நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக்கும் போடுவதே நல்லது. ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஸ்பிரிங் கம்பிரசரால் இறுக்கிப் பிடிக்காமல் ஒருபோதும் கழற்ற விடாதீர்கள், ஆளைக் கொல்லும் விசை அதற்குள் இருக்கிறது.

சாமான் வாங்குமுன் கீழ் ஆமின் கேம் போல்ட்டுகளை (திருப்பிச் சில்லின் கோணத்தை மாற்றும் போல்ட்டுகள்) ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். கரையோர வாகனங்களில் அவை புஷ்ஷின் (ஆமின் நுனியில் உள்ள ரப்பர் உறை) இரும்புக் குழாயோடு கறள் பிடித்து ஒட்டிவிடும். போல்ட்டைத் திருப்பும்போது புஷ் ரப்பரும் சேர்ந்து முறுகினால் ஒட்டிவிட்டது என்று பொருள். அதை வெட்டி எடுத்துப் புது புஷ்ஷும் போல்ட்டும் போட்டால்தான் வீல் எலைன்மென்ட் பிடிக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

பின்னுக்கு நான்கு அங்குலக் கட்டை கூடவே கூடாது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை உயர உயர, படகை இழுக்கும் நேரத்தில் அச்சு முறுகி லீஃப் தகடுகளை ‘எஸ்’ வடிவில் வளைக்கும். கட்டைமேல் கட்டை அதைவிட மோசம். வளைவு கூடிய புது லீஃப் செட் நல்ல வழி. ஒரு தகடு சேர்ப்பது அடுத்தது, ஆனால் வெறும் வாகனத்தில் முதுகு குலுங்கும். நீள ஷக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸியில் தொங்கவிடும் இணைப்பு) போட்டால் நீட்டும் அளவில் பாதிதான் உயரும்.

பலரும் தவறவிடுவது பின் பிரேக்கை. சேஸியில் ஒரு வால்வும், அதிலிருந்து அச்சுக்குப் போகும் ஒரு கம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். 2 அங்குலம் உயர்த்தியதும் வண்டி எப்போதும் வெறுமையாக ஓடுகிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். முழுப் பாரத்தோடு பிரேக் பிடித்தால் பின் சில்லுகள் தம் பங்கைச் செய்யாது. உயர்த்திய அதே அளவு, அச்சில் அந்தக் கம்பி பிடிக்கும் தாங்கியையும் ஒரு பிராக்கெட் வைத்து உயர்த்துங்கள். கம்பியை வளைத்துச் சரிக்கட்ட விடாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் சேஸியை ஸ்டாண்டில் ஏற்றிச் சில்லுகளைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு கரைக்கும் ஒடித்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுவும் விறைக்கக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, வாகனம் தன் சில்லில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு எலைன்மென்ட், முன்விளக்குச் சரிபார்ப்பு. காப்புறுதி நிறுவனத்துக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் வேலைக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 2 அங்குலம் உயர்த்திய பிறகு, புறப்படும்போது நடுவில் அதிர்கிறது. வேகத்தில் ஸ்டியரிங் நேர் நிற்காமல் அலைகிறது.
– மூதூர் வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணம். அதிர்வு புரொப்பெல்லர் ஷாஃப்டில். உங்கள் ஷாஃப்ட் இரு துண்டு என்றால், நடுவில் தொங்கும் பேரிங்கைச் சேஸியிலிருந்து 10 மி.மீ. கீழே இறக்கிப் பாருங்கள், இரு பக்கமும் ஒரே தடிப்பு வொஷர் வைத்து. போகவில்லை என்றால் பினியன் கோணத்தை (ஷாஃப்ட் டிஃபரன்ஷலில் சேரும் இடத்தின் சாய்வு) அளந்து, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் 2 அல்லது 3 பாகை இரும்பு ஆப்பு வைக்கலாம். அலுமினிய ஆப்பு நசுங்கி, அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைத் தளர்த்திவிடும்.

ஸ்டியரிங் அலைவது காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்ததால். முன்பக்கம் உயர்ந்தால் அது குறையத்தான் செய்யும். டோவை (முன் சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பும் இடத்துக்குப் போகாமல், காஸ்டர், கேம்பர் (சில்லின் பக்கச் சாய்வு), டோ என்ற மூன்று கோணத்தையும் தாளில் அச்சிட்டுத் தருபவரிடம் போங்கள். கேம் போல்ட் முழுக்கத் திருப்பியும் எட்டவில்லை என்றால் காஸ்டர் திருத்திய அப்பர் ஆம் தேவைப்படும்.

கேள்வி: பின் லீஃப் ஸ்பிரிங்கில் தகடு சேர்த்தபோது பழைய யூ போல்ட்டையே போட்டார்கள். இப்போது ‘டக்’ என்று சத்தம். டிஃபரன்ஷல் எண்ணெயும் பால் நிறமாகிவிட்டது.
– கிண்ணியா வாசகர்

பதில்: வாகனத்தை ஓட்டாதீர்கள். ஒரு தடவை இறுகி நீண்ட யூ போல்ட் மறுபடி அதே பிடி தராது. அது தளர்ந்தால் தகடுகளின் நடு போல்ட் வெட்டுண்டு அச்சு விலகும். புது யூ போல்ட் வாங்குங்கள், நூல் வெட்டிய கம்பியைச் சூடாக்கி வளைத்தது வேண்டாம். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்துவிட்டது. சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, அச்சின் மேலுள்ள பிரீதர் (காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வாகனம் உயர்ந்தாலும் பிரீதர் அச்சில் இருந்த இடத்தில்தான் இருக்கும். எண்ணெயை முழுதாக வடித்து மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை மாற்றுங்கள். பிரீதரிலிருந்து எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாய் ஒன்றைப் பின் பெட்டியின் மேல் விளிம்பு வரை கொண்டுபோய், வாய் கீழ்நோக்கி இருக்கக் கட்டுங்கள். அச்சு மேலும் கீழும் போகும்போது இழுபடாத அளவுக்குக் குழாயில் தொய்வும் விட வேண்டும்.