பாட்டி வீட்டு வெள்ளி டீ செட்டை எடைக்குப் போடலாமா?

சாமி உருவங்கள் புடைத்த பழைய டீ செட் இருக்கிறது, கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு செட் இருந்தது. தாத்தாவின் அப்பா கன்டோன்மென்ட்டில் ஓர் ஆங்கிலேய அதிகாரி வீட்டில் பட்லர். 1947இல் ஊருக்குத் திரும்பிய அதிகாரி கொடுத்துவிட்டுப் போனது. டீ பாட்டும் பால் ஜாடியும் அத்தை கல்யாணத்துக்குக் கொலுசாகவும் தட்டாகவும் மாறிவிட்டன. மிச்சம் சர்க்கரைக் கிண்ணம் மட்டும்தான். அதைச் சுற்றி ரிஷபம், மயில், கருடன் என்று வாகனம் ஏறிய சாமிகள். கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு கடையில் காட்டியபோது, தராசில் வைத்தார்களே தவிர ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்குப் பெயரே 'சுவாமி சில்வர்'. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் மேஜைக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் செய்தது. 1846இல் தொடங்கிய, சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) இதில் பெயர் பெற்ற கடை. தகட்டை அரக்கின் மேல் வைத்துச் சிற்றுளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். கோயில் கவசத்துக்கும் இதே வேலைதான். டீ பாட்டின் வடிவம் லண்டன், அதன் மேல் இருக்கும் கைவேலை நம் ஆசாரியுடையது.

வெள்ளியும் பெரும்பாலும் இங்கே தோண்டியதல்ல. நம் துணிக்கு விலையாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கொண்டுவந்து கொட்டிய வெள்ளி, அதற்கும் முன்னால் மெக்சிகோ, தென் அமெரிக்கச் சுரங்கங்களில் அடிமைகள் போல் உழைத்தவர்கள் எடுத்தது. அப்புறம் அது ரூபாய் நாணயமானது. 11.66 கிராம் எடை, 12இல் 11 பங்கு வெள்ளி என்று தரம் நிச்சயம் என்பதால், நாணயத்தை உருக்கியே பாத்திரம் செய்வதும் அன்று வழக்கம்.

அடியில் கடையின் முத்திரை இருக்கலாம். தட்டிய ஆசாரியின் பெயர் அநேகமாக இருக்காது. அவர் விட்டுப்போனது அந்த உருவங்கள் மட்டும்தான். உருக்கினால் அதுவும் போய்விடும், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, விற்றே ஆகவேண்டும் என்றால் பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடியில் இ.பி.என்.எஸ் (EPNS) என்று இருந்தால் அது வெறும் வெள்ளி முலாம். கைப்பிடியில் யானைத் தந்த வளையம் இருந்தால் விற்பதற்குச் சட்டத் தடை உண்டு. நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. கறுத்திருந்தால் பளபளவென்று தேய்க்க வேண்டாம், சாமி முகம் மழுங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.