கைலாய மலை இமயமலையில்தான் இருக்கிறதா? கங்கை அங்கேதான் பிறக்கிறதா?

பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். கைலாயம் இமயத்தின் முதன்மைத் தொடரில் இல்லை. அதற்கு வடக்கே, மேற்குத் திபெத்தில், காங்டிசே என்னும் தனித் தொடரில் 6,638 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கங்கையின் ஊற்றோ உத்தராகண்டில், கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகத்தில் இருக்கிறது.

புவியியல் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் இதைச் சொன்னதற்காக எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தவன் நான். சாமி மலையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஒரு மாணவனின் தந்தை புகார் கொடுத்தார். தலைமையாசிரியர் அட்லஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் நாள்தோறும் திருநீறு பூசுகிறவன்தான் என்பதை, பின்னூட்டத்தில் சண்டைக்கு வரவிருப்போர் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

2014இல், உத்தராகண்டிலிருந்து திபெத்துக்குள் நுழையும் லிபுலேக் கணவாய் வழியாகக் கைலாய யாத்திரை சென்றேன். மூச்சிரைக்க அந்தக் கணவாயைத் தாண்டியபோதே முதன்மைத் தொடர் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது; திபெத் பக்கத்து ஊரான தக்லாகோட்டிலிருந்து பேருந்தில் வடக்கே சென்ற பிறகே கைலாயம் கண்ணில் பட்டது. மலையைச் சுற்றிவரும் பரிக்ரமா தொடங்கும் தார்ச்சனில் வடக்கே கைலாயத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், ஏரிகளுக்கு அப்பால் தெற்கே குர்லா மாந்தாதா தெரிகிறது. இமயத்தைச் சேர்ந்த அந்தச் சிகரத்தின் உயரம் 7,694 மீட்டர், அதாவது கைலாயத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் அதிகம். புவியோட்டின் பெரும் பாளங்களான இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் மோதி ஒட்டிய தையல் இவ்விரு மலைகளுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

கைலாயத்தின் வடமுகத்துக்கு எதிரே, பரிக்ரமா பாதையிலுள்ள திராபுக் அருகில், பாதையோரம் கிடந்த ஒரு பாறைத் துண்டைக் குனிந்து பார்த்தேன். கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல, வழுவழுப்பான கூழாங்கற்கள் அதில் நெருக்கமாகப் பதிந்திருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் உருட்டிக் குவித்த சரளையும் மணலும் இறுகி, பின்னர் மேலெழுந்ததே இந்த மலை. உடன் வந்தவர்கள் சிகரத்தை நோக்கிக் கைகூப்பி நிற்க, நான் அந்தக் கல்லைத் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவும் வழிபாடுதான் என்பது என் கட்சி.

ஆறுகளைப் பொறுத்தவரை, சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி ஆகிய நான்கின் ஊற்றுகளும் கைலாயத்தையும் மானசரோவரையும் சுற்றியுள்ள வட்டாரத்தில், ஆனால் வெவ்வேறு இடங்களில் உள்ளன. நான்கும் மானசரோவரிலிருந்தே புறப்படுகின்றன என்பது சரியன்று. இவற்றுள் கர்னாலி நேபாளம் வழியாக இறங்கி, காக்ரா என்ற பெயரில் பீகாரில் கங்கையோடு கலக்கிறது. அன்று எழுதிய விளக்கக் கடிதத்தில் இதைச் சேர்க்க மறந்துவிட்டேன். சேர்த்திருந்தால் அந்தத் தந்தை பாதியாவது சமாதானமாகியிருப்பார்.